பிள்ளையின் விளையாட்டு வீடியோ: கல்லூரிக்கு அனுப்பும் முன் பெற்றோர் கவனிக்க வேண்டியவை

பிளஸ் டூ தேர்வுகள் முடிந்திருந்த ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, நாமக்கல்லில் முட்டை லாரி ஓட்டும் ஒரு சகோதரர் தன் மகனை அழைத்துக்கொண்டு நம்மிடம் வந்தார். போனை நீட்டி, "ஹஜ்ரத், பையன் வாலிபால் ஆடுற வீடியோ. ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல காலேஜ் சீட் கேக்கறதுக்காக ஸ்டுடியோவுல குடுத்து ரெடி பண்ணியிருக்கேன். ஒரு தடவ பாத்துட்டு துஆ செய்யுங்க" என்றார்.

பார்த்தோம். நாலரை நிமிட வீடியோ. முதல் 40 வினாடிகள் நெருப்பு எரிகிறது. அதற்குள்ளிருந்து பையனின் பெயர் எழுந்து வருகிறது. பின்னணியில் சினிமாப் பாட்டு. அடுத்து மெதுவாக நகரும் காட்சிகள். பந்து எதிர்ப்பக்கம் கோட்டுக்குள் விழுந்ததா, வெளியே போனதா என்று தெரிவதற்குள் காட்சி மாறிவிடுகிறது. ஒரே நிற ஜெர்ஸியில் ஆறு பேர் ஆடுகிறார்கள். அவர்களில் இவருடைய மகன் யார் என்பது கடைசி வரை நமக்கு விளங்கவில்லை. கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டுடியோவில் இதற்காக 6,000 ரூபாய் கொடுத்திருந்தார்.

பக்கத்தில் நம் மஹல்லாவைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் நின்றிருந்தார். பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வீடியோவை இன்னொரு முறை ஓடவிட்டு, "தம்பி, மூணாவதா வருதே ஒரு ஸ்மாஷ், அது நீயா?" என்று கேட்டார். பையன் தலையைக் குனிந்துகொண்டான். அது அவன் அணித்தோழன் அடித்தது. 'நல்லா இருக்கு' என்று ஸ்டுடியோக்காரர் சேர்த்திருக்கிறார். பையனும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அத்தாவுக்கு அந்த நிமிடம்தான் தெரியும்.

இது அந்த ஒரு குடும்பத்தின் கதை மட்டுமல்ல. சேலம், நாமக்கல் பகுதிகளில் மைதானத்தில் வியர்வை சிந்தும் நம் பிள்ளைகள் பலருக்கு விளையாட்டின் வழியாகக் கல்லூரிப் படிப்பு கிடைக்க வாய்ப்பு இருக்கிறது. ஆனால் அதற்கு எது தேவை, எது தேவையில்லை என்று சொல்லித்தர வீட்டில் ஆளில்லை. தெரிந்தவர்களிடம் கேட்டும், நாமே பார்த்தும் அறிந்துகொண்டதை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

சின்னப்பம்பட்டி சொல்லும் பாடம்

வீடியோவைப் பார்த்து ஒருவருக்கு வாய்ப்பு கிடைக்குமா என்று சிலர் கேட்கலாம். நம் மாவட்டத்திலேயே அதற்குப் பதில் இருக்கிறது.

சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த நடராஜனை அறியாதவர் இல்லை. தந்தை நெசவுக் கூலி வேலை, தாய் சாலையோரக் கோழிக்கறிக் கடை. டென்னிஸ் பந்தில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த அந்த இளைஞரைச் சென்னைக்கு அனுப்பி வைத்தவர் உள்ளூர் அண்ணன் ஜெயப்பிரகாஷ். 2015 ஜனவரியில் ரஞ்சி அணியில் இடம் கிடைத்தது. ஆனால் பந்து வீசும் முறையில் சந்தேகம் எழுப்பப்பட்டது. அதைத் திருத்திக்கொண்டு மீண்டும் வந்தார். 2016ல் தமிழ்நாடு பிரீமியர் லீக் முதல் முறையாக நடந்தபோது, திண்டுக்கல் அணிக்காக ஆடி, யார்க்கர் பந்துகளால் பெயர் பெற்றார்.

2017 பிப்ரவரியில் நடந்த ஐ.பி.எல். ஏலத்தில் அவருடைய அடிப்படை விலை 10 லட்சம் ரூபாய். பஞ்சாப் அணி 3 கோடி ரூபாய்க்கு எடுத்தது. பெரிய போட்டிகளில் அதிகம் ஆடாத ஒருவருக்கு இவ்வளவு பணமா என்று பலர் கேட்டார்கள். அப்போது அந்த அணியின் பொறுப்பில் இருந்த வீரேந்தர் சேவாக் பின்னாளில் அதற்கு விளக்கம் சொன்னார். அணியில் இருந்த தமிழக வீரர்கள், கடைசி ஓவர்களில் இவர் நன்றாக வீசுவார் என்று சொல்லியிருக்கிறார்கள். அதன் பிறகு சேவாக் அவருடைய வீடியோக்களைப் பார்த்தார். தங்களுக்குக் கடைசி ஓவர் வீச ஆள் இல்லாததால் எடுக்க முடிவு செய்தார்.

பெற்றோர்களே, இதில் நமக்கு மூன்று பாடங்கள் இருக்கின்றன.

முதலாவது, வீடியோவுக்கு முன்பே, அவருடன் ஆடியவர்களும் அவரை அறிந்தவர்களும் சாட்சி சொன்னார்கள். இரண்டாவது, அந்த வீடியோவில் இருந்தது உண்மையான போட்டியில், எதிரணி வெல்லத் துடிக்கும் நேரத்தில் வீசிய பந்துகள். மூன்றாவது, பார்ப்பவருக்கு என்ன தேவையோ அது அதில் இருந்தது.

நான்காவதாக ஒன்றையும் சொல்ல வேண்டும். வீடியோ கதவைத் திறந்தது, அவ்வளவுதான். அந்த 2017 பருவத்தில் அவருக்குக் கிடைத்தவை 2 விக்கெட்டுகள் மட்டுமே. அடுத்த ஆண்டு ஹைதராபாத் அணி 40 லட்சத்துக்கு எடுத்தது. இரண்டு பருவங்கள் ஓர் ஆட்டத்தில்கூட இறங்காமல் காத்திருந்தார். 2020ல் 16 விக்கெட்டுகள் எடுத்து, அதே ஆண்டு டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் இந்திய அணிக்காக ஆடினார். கதவைத் திறப்பது வேறு, உள்ளே போய் நிலைத்து நிற்பது வேறு.

தமிழகக் கல்லூரிகளில் சீட்டைத் தீர்மானிப்பது எது?

இங்கேதான் நம்மவர்கள் அதிகம் குழம்புகிறார்கள். அமெரிக்காவில் நடப்பதைப் பற்றி யூடியூபில் பார்த்துவிட்டு, இங்கேயும் வீடியோ அனுப்பினால் சீட் கிடைத்துவிடும் என்று நம்புகிறார்கள். நம் மாநிலத்தில் வழிகள் வேறு.

பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. அங்கே வீடியோவுக்கு வேலையே இல்லை. எந்தப் போட்டியில், எந்த அளவில், எந்த இடம் பெற்றீர்கள் என்பதற்கான சான்றிதழும், அதற்குரிய படிவத்தில் உரிய அதிகாரியின் கையெழுத்தும்தான் பார்க்கப்படும். மாவட்ட அளவில் வென்றது, மாநில அளவில் வென்றது, தேசிய அளவில் கலந்துகொண்டது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பு. அரசு கலை, அறிவியல் கல்லூரிகளில் பொதுக் கலந்தாய்வுக்கு முன்பாக நடக்கும் சிறப்பு ஒதுக்கீட்டிலும் இதே நிலைதான். எந்த ஆண்டுகளில் பெற்ற சான்றிதழ்கள் ஏற்கப்படும், எந்தப் படிவம் வேண்டும் என்பதெல்லாம் அந்தந்த ஆண்டின் கையேட்டில் இருக்கும். அதைப் படிக்காமல் விண்ணப்பம் போடாதீர்கள்.

தனியார் கல்லூரிகளிலும் தன்னாட்சிக் கல்லூரிகளிலும் உடற்கல்வி இயக்குநரின் வார்த்தைக்கு மதிப்பு உண்டு. பல்கலைக்கழக அளவிலான போட்டிகளுக்கு அணியைத் தயார் செய்ய வேண்டிய பொறுப்பு அவருடையது. செட்டர் இல்லையென்றால் செட்டரைத் தேடுவார். கோல்கீப்பர் படிப்பை முடித்துப் போகிறார் என்றால் கோல்கீப்பரைத் தேடுவார். அவர் நடத்தும் தேர்வுப் போட்டியில்தான் முடிவு. ஆனால் அந்தத் தேர்வுப் போட்டிக்கு யாரை அழைப்பது, வந்தவர்களில் யாரைக் கூர்ந்து கவனிப்பது என்ற இடத்தில்தான் நம் வீடியோ உதவும்.

ஆகவே வரிசையை நினைவில் வையுங்கள்: முதலில் சான்றிதழ், அடுத்து தேர்வுப் போட்டி, அதற்குத் துணையாக வீடியோ. வரிசையை மாற்றி, வீடியோவுக்கு 6,000 செலவழித்துவிட்டு மாவட்டப் போட்டியின் சான்றிதழை வாங்காமல் விட்டால் அது பெரிய இழப்பு. முதலமைச்சர் கோப்பை, பள்ளிக் கல்வித் துறையின் குறுவட்ட, மாவட்ட, மாநிலப் போட்டிகள் என்று எதில் ஆடினாலும் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். பெயரும் பிறந்த தேதியும் பள்ளிப் பதிவேட்டில் உள்ளபடி இருக்கின்றனவா என்று அங்கேயே பாருங்கள். நம் பிள்ளைகளின் பெயர்களில் இந்தப் பிரச்சினை அதிகம். ஒரு சான்றிதழில் முஹம்மது, இன்னொன்றில் முகமது, மூன்றாவதில் வெறும் 'எம்.டி.' என்று இருந்தால் சேர்க்கை நேரத்தில் அலைய வேண்டி வரும். அசல்களை ஒரு கோப்பில் வையுங்கள், லேமினேட் செய்யாதீர்கள்.

வெளிநாட்டுக் கல்லூரி என்றால்?

வளைகுடாவில் வேலை பார்க்கும் சில பெற்றோர், பிள்ளையை அமெரிக்காவில் விளையாட்டு உதவித்தொகையில் படிக்க வைக்க முடியுமா என்று கேட்கிறார்கள். முடியும், ஆனால் சில உண்மைகளைத் தெரிந்துகொள்ளுங்கள்.

அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் பெரிய அமைப்பு என்.சி.ஏ.ஏ. சுமார் 1,100 கல்லூரிகள் அதில் உள்ளன. அவை மூன்று பிரிவுகளாக இருக்கின்றன. முதல் இரண்டு பிரிவுகளில் விளையாட்டுக்காக உதவித்தொகை உண்டு. மூன்றாம் பிரிவில் இல்லை. அந்த முதல் இரண்டு பிரிவுகளில் சேர, பள்ளியில் 16 முதன்மைப் பாடங்களைக் குறிப்பிட்ட தரத்தில் முடித்திருக்க வேண்டும். அதாவது மைதானத்தில் மட்டும் கெட்டிக்காரனாக இருந்தால் போதாது.

இன்னொன்று: அந்த அமைப்பின் விளையாட்டுப் பட்டியலில் கிரிக்கெட் கிடையாது. கால்பந்து, கூடைப்பந்து, வாலிபால், தடகளம், டென்னிஸ், நீச்சல் போன்றவை உண்டு. 'கிரிக்கெட் வீடியோ அனுப்பினால் அமெரிக்காவில் இலவசப் படிப்பு' என்று யாராவது சொல்லிப் பணம் கேட்டால், அந்த ஒரு வாக்கியத்திலேயே அவரைப் புரிந்துகொள்ளலாம்.

தடகளத்தில் வீடியோவைவிட எண்கள் பேசும். டெல்லியில் வாழும் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த தேஜஸ்வின் சங்கர், 2016 நவம்பரில் நம் கோவையில் நடந்த தேசிய இளையோர் போட்டியில் 2.26 மீட்டர் உயரம் தாண்டித் தேசிய சாதனையை முறியடித்தார். அடுத்த ஆண்டே அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் உதவித்தொகையுடன் சேர்ந்தார். 2018ல் அங்கே கல்லூரிகளுக்கிடையேயான சாம்பியன் ஆனார். அங்கீகரிக்கப்பட்ட போட்டியில், முறையாக அளந்து பதிவு செய்யப்பட்ட ஓர் எண்ணுக்கு உலகம் முழுவதும் ஒரே மதிப்புதான். ஓட்டம், தாண்டுதல், எறிதல் ஆகியவற்றில் இருக்கும் பிள்ளைகள் அதிகாரப்பூர்வ முடிவுத் தாளைப் பத்திரப்படுத்துவதே முதல் வேலை.

படம் பிடிப்பது எப்படி?

விலையுயர்ந்த கேமரா தேவையில்லை. வீட்டில் இருக்கும் போன் போதும். அதை அசையாமல் நிறுத்த ஒரு ஸ்டாண்டு வாங்கிக்கொள்ளுங்கள். கையில் பிடித்துக்கொண்டு, பிள்ளை பாயிண்ட் எடுத்ததும் நாமும் சேர்ந்து குதித்தால் வானமும் தரையும்தான் பதிவாகும்.

போனைப் படுக்கை வாட்டில் வையுங்கள். ஸ்டேட்டஸ் வைப்பதுபோல் நிமிர்த்திப் பிடித்தால் மைதானத்தின் பாதி தெரியாது. முடிந்தவரை உயரத்திலிருந்து எடுங்கள்: கேலரியின் மேல்படி, பள்ளிக் கட்டிடத்தின் முதல் மாடி, எதுவும் இல்லாவிட்டால் மைதானத்துக்கு வெளியே பாதுகாப்பாக நிறுத்திய லாரியின் மேல்தளம். தரையிலிருந்து எடுத்தால் ஒருவரை ஒருவர் மறைப்பார்கள். சூரியன் நம் முதுகுப் பக்கம் இருக்கட்டும்.

எங்கே நின்று எடுப்பது என்பது விளையாட்டுக்கு விளையாட்டு மாறும்.

வாலிபால் என்றால், கோர்ட்டின் பின் கோட்டுக்குப் பின்னால், உயரத்திலிருந்து. ஆறு பேரும் எங்கே நிற்கிறார்கள், பந்து வரும்போது நம் பிள்ளை எப்படி நகர்கிறான் என்பது அங்கிருந்துதான் தெரியும்.

கால்பந்து என்றால், நடுக்கோட்டுக்கு நேராக, பக்கவாட்டில் உயரத்திலிருந்து. பந்தை மட்டும் துரத்திப் பெரிதாக்கிக் காட்டாதீர்கள். பந்து இல்லாத நேரத்தில் அவன் எங்கே ஓடுகிறான் என்பதைத்தான் பயிற்சியாளர் பார்ப்பார்.

கபடி என்றால், நடுக்கோட்டுக்குப் பக்கவாட்டில் நின்று, ரைடு தொடங்கியதிலிருந்து அவன் கோட்டைத் தொட்டுத் திரும்புவது வரை வெட்டாமல் எடுங்கள். எதிரணியின் ஏழு பேரும் காட்சிக்குள் இருக்க வேண்டும்.

கிரிக்கெட் என்றால், இரண்டு கோணங்கள். பந்து வீச்சாளருக்குப் பின்னால் நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. நேர்க் கோணத்தில் பந்து எங்கே விழுகிறது, எந்தப் பக்கம் போகிறது என்பது தெரியும். பக்கவாட்டில் கை எப்படி வருகிறது என்பது தெரியும். நடராஜன் பந்து வீசும் முறையைத் திருத்திக்கொள்ள வேண்டி வந்ததை மேலே சொன்னோம். அப்படி ஏதாவது குறை இருந்தால் சின்ன வயதிலேயே கண்டுபிடித்துத் திருத்த இந்தப் பக்கவாட்டுக் கோணம் உதவும். வீடியோ பிறருக்கு அனுப்ப மட்டுமல்ல, பிள்ளை தன்னைத் தானே பார்த்துக்கொள்ளவும்தான்.

முக்கியமாக, ஒன்பதாம், பத்தாம் வகுப்பிலிருந்தே எடுத்து வையுங்கள். பிளஸ் டூ முடிந்த பிறகு வீடியோ வேண்டும் என்று தேடினால், ஆடிய நல்ல ஆட்டங்கள் எல்லாம் போயிருக்கும். ஒவ்வொரு ஆட்டத்தையும் தேதி, போட்டியின் பெயர், எதிரணி குறித்துத் தனியாகச் சேமியுங்கள். போனில் இடம் இல்லையென்று அழித்துவிடாமல் ஒரு ஹார்ட் டிஸ்கிலோ பென்டிரைவிலோ மாற்றி வையுங்கள்.

வெட்டித் தொகுக்கும்போது

ஒரு தேர்வாளருக்குப் பல வீடியோக்கள் வரும். முதல் அரை நிமிடத்தில் அவருக்கு ஆர்வம் வராவிட்டால் அடுத்ததற்குப் போய்விடுவார். ஆகவே மொத்த நீளம் 3 நிமிடம் இருந்தால் போதும். 5 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம்.

தொடக்கத்தில் ஐந்து வினாடிக்கு ஒரு பலகை: பெயர், பிறந்த ஆண்டு, உயரம், ஆடும் இடம், ஜெர்ஸி எண், பள்ளி, ஊர். அவ்வளவுதான். நெருப்பும் இடியும் வேண்டாம்.

மிகச் சிறந்த காட்சியை முதலில் வையுங்கள். 'கடைசியில் கலக்கலாக முடிக்கலாம்' என்று ஒதுக்கி வைத்தால் அதைப் பார்க்க யாரும் இருக்க மாட்டார்கள்.

ஒவ்வொரு காட்சியிலும், ஆட்டம் தொடங்கும் முன் ஒரு வினாடி நிறுத்தி, நம் பிள்ளையைச் சுற்றி ஒரு வட்டமோ தலைக்கு மேல் ஓர் அம்புக்குறியோ போடுங்கள். இலவசச் செயலிகளிலேயே இதைச் செய்யலாம்.

காட்சியைச் செயலுக்கு மூன்று, நான்கு வினாடிகள் முன்பே தொடங்குங்கள்; முடிவு தெரிந்த பிறகே வெட்டுங்கள். ஸ்மாஷ் அடித்த கையை மட்டும் காட்டினால் போதாது. சர்வீஸ் வந்தது, தூக்கிக் கொடுத்தார்கள், ஓடி வந்தான், அடித்தான், பந்து கோட்டுக்குள் விழுந்தது என்று முழுமையாக இருக்க வேண்டும்.

ஒரே திறமையைத் திரும்பத் திரும்பக் காட்டாதீர்கள். பதினைந்து ஸ்மாஷ்களைவிட, ஆறு ஸ்மாஷ், நான்கு பிளாக், நான்கு சர்வீஸ், ஐந்து முறை எதிரணியின் சர்வீஸை எடுத்தது என்று இருந்தால் ஆளை எடைபோட முடியும். தடுப்பாட்டக்காரனின் தடுப்பையும், கோல்கீப்பர் பந்தை எடுத்து எறிவதையும் காட்டுங்கள்.

மெதுவாக ஓடும் காட்சிகளைத் தவிருங்கள். வேகத்தைத்தான் அவர் பார்க்க விரும்புகிறார். நாம் அதையே மறைத்துவிடுகிறோம்.

பாட்டு வேண்டாம். அதன் மார்க்கச் சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். தேர்வாளருக்கும் அது இடைஞ்சல்தான். பதிப்புரிமை உள்ள பாட்டைச் சேர்த்தால் யூடியூப் ஒலியை முடக்கவோ வீடியோவையே தடுக்கவோ வாய்ப்பிருக்கிறது. மைதானத்தின் இயல்பான சத்தமே போதும். தோழர்களை எப்படிக் கூப்பிட்டு ஆடுகிறான் என்பதும் அதில் கேட்கும்.

நனைந்த தானியத்தை அடியில் வைக்காதீர்கள்

இப்போது அந்த மூன்றாவது ஸ்மாஷுக்கு வருவோம்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது விரல்களில் ஈரம் பட்ட நிகழ்ச்சியை நாம் பலமுறை பயானில் கேட்டிருக்கிறோம். மழையில் நனைந்துவிட்டது என்று வியாபாரி சொன்னார். நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைக்காததை நபியவர்கள் கண்டித்தார்கள்.

ஹைலைட்ஸ் வீடியோவும் குவியலின் மேற்பரப்புதானே, நல்லதை மட்டும் காட்டுவது ஏமாற்றில்லையா என்று ஒரு கல்லூரி மாணவர் நம்மிடம் கேட்டார். நியாயமான கேள்வி. சிறந்த ஆட்டங்களின் தொகுப்பு என்று இரு தரப்பும் அறிந்தே கொடுத்து வாங்கும்போது, நல்லதைத் தேர்ந்தெடுத்துக் காட்டுவதில் ஏமாற்று இல்லை என்றே நாம் கருதுகிறோம். ஆனால் பிறர் அடித்ததைத் தன்னுடையது என்று காட்டுவது, காட்சியை வேகப்படுத்தி ஓட்டத்தைக் கூட்டுவது, உயரத்தை மூன்று அங்குலம் ஏற்றிப் போடுவது, பயிற்சி ஆட்டத்தை மாநிலப் போட்டி என்று எழுதுவது, வயதைக் குறைப்பது ஆகியவை எல்லாம் நனைந்த தானியம்தான்.

இதில் இன்னொரு பிள்ளையின் உரிமையும் இருக்கிறது. ஒரு கல்லூரியின் அணியில் ஓரிடம்தான் காலி என்றால், பொய்யால் நாம் பெறுவது தகுதியுள்ள இன்னொரு வீட்டுப் பிள்ளையின் இடம்.

உலக வழக்கிலும் இது நிற்காது. தேர்வுப் போட்டியில் அளவுநாடாவும் கடிகாரமும் இருக்கும். வீடியோவில் இருப்பது மைதானத்தில் இல்லையென்றால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பயிற்சியாளர்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்பவர்கள். ஒரு பெயர் கெட்டால் அடுத்த கல்லூரி வாசலுக்கு நாம் போகும் முன்பே அது போய்ச் சேர்ந்துவிடும்.

ஆகவே ஹைலைட்ஸ் வீடியோவுடன், வெட்டாத ஒரு முழு ஆட்டத்தின் வீடியோவையும் சேர்த்து அனுப்புங்கள். தவறவிட்ட பந்தும் அதில் இருக்கட்டும். தவறிய பிறகு அடுத்த பந்துக்கு அவன் எப்படித் தயாராகிறான் என்பதைப் பார்க்க விரும்பும் பயிற்சியாளர்கள் உண்டு. ஈரத்தை மேலே வைப்பதால் இந்தச் சந்தையில் மதிப்பு குறைவதில்லை.

பெண் பிள்ளைகளின் வீடியோ

மகள் நன்றாக ஆடுகிறாள், ஆனால் வீடியோ என்றதும் தயக்கமாக இருக்கிறது என்று தாய்மார்கள் சொல்கிறார்கள். தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. அதற்காக அவளுடைய வாய்ப்பையே மூடிவிட வேண்டியதில்லை.

உடையைப் பொறுத்தவரை, தலையை மறைத்து ஆடுவதற்கு இன்று பெரிய விளையாட்டுகளில் சர்வதேச விதியே இடம் தருகிறது. கால்பந்தில் 2014லும், கூடைப்பந்தில் 2017லும் தலைமறைப்புக்கு அனுமதி வந்தது. உள்ளூர்ப் போட்டியில் யாராவது மறுத்தால், விதியை எடுத்துச் சொல்லி முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். போட்டி நாளன்று மைதானத்தில் நின்று வாதாடும் நிலைக்கு மகளைக் கொண்டுவராதீர்கள்.

படம் எடுப்பது வீட்டாரோ, பெண் பயிற்சியாளரோ ஆக இருக்கட்டும். உயரத்திலிருந்து முழு மைதானமும் தெரிய எடுக்கும் காட்சியே பயிற்சியாளருக்கும் பயன்படும். மகளின் கண்ணியத்துக்கும் அதுவே பாதுகாப்பு. நெருக்கமாகப் பெரிதாக்கிய காட்சி யாருக்கும் தேவையில்லை. எடுத்ததை ரீல்ஸாகவோ ஸ்டேட்டஸாகவோ போடாதீர்கள். யூடியூபில் 'அன்லிஸ்டட்' என்ற முறையில் ஏற்றினால் தேடுபவர்களுக்கு வராது. இணைப்பு யாரிடம் இருக்கிறதோ அவர்கள்தான் பார்க்க முடியும். அந்த இணைப்பையும் அவர்கள் பிறருக்கு அனுப்ப முடியும் என்பதை மறக்க வேண்டாம். சேர்க்கை முடிந்ததும் எடுத்துவிடுங்கள். கூட ஆடும் மற்றப் பெண்களும் காட்சியில் இருப்பார்கள். அவர்கள் வீட்டாரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நம் கடமை.

ஆணோ பெண்ணோ, வீடியோவுக்குள் வீட்டு முகவரியையும் போன் எண்ணையும் போடாதீர்கள். அவற்றை அனுப்பும் கடிதத்தில் எழுதினால் போதும்.

அனுப்புவது எப்படி?

கனமான வீடியோவை வாட்ஸ்அப்பில் தள்ளிவிட்டால் தரம் குறைந்து, எண்ணும் முகமும் கலங்கிப் போகும். இணைப்பாக அனுப்புங்கள். உடன் பத்து வரிக்கு மேற்படாத கடிதம்: பிள்ளையின் பெயர், படித்த பள்ளி, விரும்பும் பாடப்பிரிவு, பிளஸ் டூ மதிப்பெண், ஆடும் இடம், பெற்ற சான்றிதழ்களின் பட்டியல், பள்ளி உடற்கல்வி ஆசிரியரின் பெயரும் எண்ணும் (அவரிடம் அனுமதி கேட்டு).

அந்தக் கடைசி வரிக்கு மதிப்பு அதிகம். நடராஜன் விஷயத்தில் வீடியோவுக்கு முன் சகவீரர்களின் சாட்சி வந்ததைப் பார்த்தோம். நம் மாவட்டத்தின் இன்னொரு பெருமை, பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு. ரியோ 2016ல் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, பாரிஸ் 2024ல் வெண்கலம். சிறு வயதில் பேருந்து ஏறி ஒரு கால் பாதிக்கப்பட்ட அவரை உயரம் தாண்டத் தூண்டியவர் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். பிள்ளையைத் தினமும் பார்க்கும் அந்த ஆசிரியரின் ஒரு வார்த்தை எந்த எடிட்டிங்கையும்விட வலிமையானது. அவரிடம் மரியாதையாக இருக்கப் பிள்ளைக்குச் சொல்லுங்கள். நீங்களும் ஆண்டுக்கு ஒருமுறையாவது போய்ப் பாருங்கள்.

கடிதத்தைப் பிள்ளையே எழுதட்டும். தகப்பன் பேசும் பிள்ளையைவிடத் தானே பேசும் பிள்ளையைப் பயிற்சியாளர்கள் விரும்புவார்கள். பிளஸ் டூ தேர்வு முடிவு வரும் முன்பே அனுப்பிவிடுங்கள். பதில் வராவிட்டால் பத்து நாள் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம். 'சீட் வாங்கித் தருகிறேன், இவ்வளவு கொடு' என்று இடையில் வருபவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம்.

அந்தப் பையன் என்ன ஆனான்?

அந்த வாரமே ஓய்வு பெற்ற ஆசிரியர் வீட்டுத் திண்ணையில் மூவரும் உட்கார்ந்தார்கள். பழைய ஆட்டங்களைத் தேடி எடுத்தார்கள். நல்ல வேளையாக, பையனின் மாமா இரண்டு ஆட்டங்களை முழுதாக எடுத்து வைத்திருந்தார். மூன்றாவது ஸ்மாஷ் போனது, பாட்டு போனது, நெருப்பு அணைந்தது. 2 நிமிடம் 50 வினாடியில் புதிய வீடியோ தயாரானது. செலவு ஏதுமில்லை.

நான்கு கல்லூரிகளுக்கு அனுப்பினான். இரண்டிடம் பதில் இல்லை. ஒன்றில் தேர்வுப் போட்டிக்கு அழைத்து, உயரம் போதாது என்று திருப்பி அனுப்பினார்கள். நான்காவதில் பயிற்சியாளர் அவனிடம், "நீ அனுப்பின ஃபுல் மேட்ச்ல ரெண்டாவது செட்ல நாலு சர்வீஸ் விட்டுட்ட. அதுக்கப்புறம் ஒண்ணுகூட விடல. என்ன மாத்தின?" என்று கேட்டாராம். பையன் நின்ற இடத்தைக் காலால் காட்டி விளக்கியிருக்கிறான். இப்போது அங்கே பி.காம். முதலாண்டு படிக்கிறான்.

அடுத்த வெள்ளிக்கிழமை வந்த அத்தா, "ஸ்டுடியோவுல குடுத்த ஆறாயிரம் போச்சு ஹஜ்ரத்" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "அந்த ஸ்மாஷ வெச்சே சீட் கெடச்சிருந்தா, நாலு வருஷம் கழிச்சும் எனக்கு உறுத்தியிருக்கும்" என்றார்.

நம் பிள்ளைகளின் உழைப்புக்கு ஹலாலான வழியில் அல்லாஹ் பலன் தருவானாக. போனை எடுத்து மைதானத்துக்குப் போங்கள். பிள்ளை ஆடுவதை முதலில் நீங்கள் முழுதாக ஒருமுறை பாருங்கள். வீடியோ அதற்குப் பிறகு.